ஐயா தூங்குகிறார்

தூங்குகிறார், நிஜமாகவே தூங்குகிறார், இதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் காலையிலிருந்து வாசலில் நின்று இதையே சொல்லிச் சொல்லி எனக்கே பொய் சொல்கிற மாதிரி ஆகிவிட்டது. படுக்கையறைக் கதவுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பாதிரியாரின் மனைவி, ஐயரம்மா, வாட்ச்மேன் வேலை பார்க்கிறாள் என்று சேகரத்துச் சபைகள் முழுக்கப் பேசுவார்கள், பேசட்டும், வாட்ச்மேனுக்காவது மாற்றி விட ஆள் வருவான். மின்விசிறியைக் குறைத்து வைத்திருக்கிறேன், அதன் சத்தத்தில் அவர் மூச்சு கேட்காமல் போய்விடக் கூடாது. கதவு ஒருக்களித்துதான் இருக்கிறது. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது, நடுவில் கொஞ்சம் நிற்கிறது. அந்த நிற்கிற இடத்தில் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டு மறுபடி உட்காருகிறேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் குறட்டையைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான், இன்றைக்கு ஒரு குறட்டை விட மாட்டாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறேன். வெளியே கோயில் வளாகத்தில் நாளைய விருந்துக்கு அண்டாக்களை இறக்குகிறார்கள். தரையில் இழுக்கிற சத்தம் பல்லைக் கூச வைக்கிறது. மெதுவாக இறக்கினால் என்ன, ஐயர் குடியிருக்கிற குருமனை பக்கத்தில்தானே இருக்கிறது, உள்ளே ஒரு மனுஷன் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான் என்று தெரியாதா. தெரியும். எல்லோருக்கும் தெரியும். எல்லோரும்தான் வந்து பார்த்துவிட்டுப் போனார்களே. அதுதானே என் வயிற்றெரிச்சல்.

வலி வந்த அன்றைக்கும் தெரிந்துதான் இருந்தது. கல்லறைத் தோட்டத்தில், உச்சி வெயிலில், பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போதே நெஞ்சைப் பிடித்திருக்கிறார். பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பார்த்துவிட்டு என்ன செய்தார்கள், ஓடிப்போய் சோடா வாங்கி வந்தார்கள். கேஸாக இருக்கும் ஐயா. இவரும் கேஸாகத்தான் இருக்கும் என்று சோடாவைக் குடித்துவிட்டு, மண்ணைப் போட்டு, ஜெபத்தை முடித்து, அதோடு வீட்டுக்கு வந்தாரா, இல்லை. துக்க வீட்டில் ஒரு ஜெபம். அங்கிருந்து திரும்புகிற வழியில் ஒருத்தர் பைக்கை மறித்து, புதுசாக போர் போடுகிறோம் ஐயா, ஒரு அஞ்சு நிமிசம் என்றிருக்கிறார். நெஞ்சு வலியோடு போய் போர்க் குழிக்கு ஜெபம் பண்ணியிருக்கிறார் என் புருஷன். தண்ணீர் வந்ததா என்று நான் இன்னும் கேட்கவில்லை. வந்திருந்தாலும் எனக்கு எரியும், வராமல் போயிருந்தாலும் எரியும். வீட்டுக்கு வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. வெயில் பியூலா என்றார். வெயிலாம். வெயிலில் மனுஷன் கறுப்பான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், சாம்பல் நிறத்தில் ஆவானா. கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் என்ன பேசினார் தெரியுமா, ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து ஆராதனையை நடத்த யாரைச் சொல்லலாம் என்று. என்னிடம். என் மடியில் தலையை வைத்துக்கொண்டு. மகள் பெயரைக் கூடச் சொல்லவில்லை. அந்தக் காரிலேயே இவரை நான் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை, நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தேன். துடைக்கத் துடைக்க ஊறிக்கொண்டே இருந்தது.

அஞ்சு நிமிசம். இந்த வார்த்தையை யார் கண்டுபிடித்தார்களோ அவர்களை ஒரு தடவை பார்க்க வேண்டும். டாக்டர் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார், ஒரு மாதத்துக்குக் கூட்டம் கூடாது, பேச்சு கூடாது, வேலை என்று எதுவும் கூடாது, இன்னொரு தடவை வந்தால் தாங்குகிற இருதயம் இல்லை இது. இன்னொரு தடவை வந்தால். இதை அவர் என்னிடம் தனியாகச் சொன்னார், தமிழில் சொன்னார், நான் இரண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கொண்டேன். சபையிலும் அறிவித்தார்கள், ஐயாவுக்கு ஓய்வு தேவை, ஜெபத்தில் தாங்குங்கள் என்று. தாங்குங்கள் என்றால் அவரவர் வீட்டில் முழங்கால் போட்டுத் தாங்க வேண்டியதுதானே, இங்கே வந்தா தாங்க வேண்டும். வேன் பிடித்து வந்தார்கள். திராட்சையும் ஹார்லிக்ஸும் அடுக்களை மேடையில் இடம் இல்லாமல் நிற்கிறது. வந்தவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போகிற சாதியா நாம், ஜெபிக்காமல் போனால் ஆகாது. நெடிய ஜெபம். ஆதாமில் தொடங்கி, இஸ்ரவேலரைச் செங்கடல் தாண்டவைத்து, ஐயாவுடைய இருதயத்துக்கு வந்து சேர்வதற்குள் எனக்கே கால் மரத்துப்போகும். அதுவாவது பரவாயில்லை. ஜெபித்து முடித்ததும் ஒன்று சொல்வார்கள் பாருங்கள், ஐயா, ஆசீர்வாதம் கூறி முடிச்சிருங்க. ஐயர் இருக்கிற இடத்தில் வேறு யார் ஆசீர்வாதம் கூறுவது, முறை இல்லையே. உடனே இவர் எழுந்து உட்காருவார். படுத்துக்கொண்டே கூறக் கூடாதாம். பனியனோடு கூறக் கூடாதாம். சட்டையை எடு பியூலா. நான் சட்டையை எடுத்துக் கொடுக்க, ஊசி குத்தின கையைத் தூக்கி நுழைக்க முடியாமல் நுழைத்து, பித்தானைப் போட்டு, கையை உயர்த்தி ஆசீர்வாதம். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு போகிறார்கள், நோயாளி வியர்த்துப்போய்ச் சாய்கிறார், அடுத்த வேன் வந்து நிற்கிறது. இதை யாரிடம் சொல்லி நியாயம் கேட்பது. மூன்றாவது நாள் சட்டையைக் கழற்றும்போது அவரால் ஒரு பித்தானையும் விடுவிக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன்.

மூச்சு. இருக்கிறது. புரண்டு படுத்திருக்கிறார், கட்டில் முனகுகிறது. அப்பாடா என்று சாயப் போனேன், ஜன்னல் பக்கம் செருப்புச் சத்தம். வாசல் பக்கம் வந்தால் மறிப்பேன் என்று தெரிந்து இப்போது கொல்லைப்புறமாக வருகிறார்கள். ரூபவதி அக்கா. பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தலைவி, நல்ல மனுஷி, என் மகள் பிறந்தபோது எனக்குப் பத்தியம் சமைத்துப் போட்டவள், அவளைத் திட்டினால் என் நாக்கு அழுகும். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது. "பியூலா, நான் உள்ள வரல்ல, கேட்டியா. ஐயாவ எழுப்பாண்டாம். ஜன்னல் வழியா ஒரு சின்ன ஜெபம் மட்டும் பண்ணிட்டுப் போயிருதேன்." "அக்கா, தூங்குதாங்கக்கா." "தூங்கட்டும், தூங்கட்டும்." சொல்லிக்கொண்டே கண்ணை மூடிவிட்டாள். கண்ணை மூடினவளை எப்படித் தடுப்பது, ஜெபத்தின் நடுவே ஒருத்தியை நிறுத்தின பாவம் எனக்கு வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்தேன், அந்த ஒரு கணத்தில் அவள் சத்தம் ஏறிவிட்டது, அக்காவுக்குச் சின்ன சத்தம் என்று ஒன்று கிடையாது, மைக் இல்லாமல் கன்வென்ஷன் கூட்டத்துப் பந்தலுக்கே கேட்கும். எழுந்து போய் ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு அவள் கையைப் பிடித்தேன். கண்ணைத் திறந்தாள். "அக்கா, வீட்ல போய் ஜெபிங்க. அங்கயும் கேக்கும் அவருக்கு." யாருக்குக் கேட்கும் என்று நான் சொன்னேன், ஐயாவுக்கா ஆண்டவருக்கா, எனக்கே தெரியவில்லை. அவள் முகம் சுருங்கிப்போயிற்று. "நாங்க பாசத்துலதானம்மா வாரோம்" என்றாள். பாசத்தில்தான். யார் இல்லை என்றது. பாசத்திலேயே ஒரு ஆளைக் கொன்றுவிட முடியும் அக்கா என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவள் போகிற நடையைப் பார்த்து ஒரு நிமிடம் மனசு பிசைந்தது. பிசைந்தால் பிசையட்டும். அவள் முகம் நாளைக்குச் சரியாகிவிடும், இவர் இருதயம் ஆகாது.

இவர்தான் போதிப்பார். கல்யாணத்துக்கு முந்தின வாரம் பொண்ணு மாப்பிள்ளையை வரச் சொல்லி, முன்னறையில் கரும்பலகையை வைத்து, முதலில் தேவன், அடுத்தது குடும்பம், அதற்கப்புறம்தான் வேலை, ஊழியம், ஊர் எல்லாம் என்று ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுவார். நான் காபி கொண்டுபோய் வைக்கும்போது அந்தப் பலகையைப் பார்ப்பேன். சிரிப்பு வரும். அடுக்களைக்குத் திரும்பி வரும்போது அது சிரிப்பாக இருக்காது. எங்கள் வீட்டில் அந்த வரிசை எப்படி இருந்தது என்று அந்தச் சின்னஞ்சிறுசுகளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினபோது இவர் எங்கேயோ கடைக்கு ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார். என் அப்பாவின் கடைசி வாரத்தில் நான் தனியாகத்தான் ஊருக்குப் போனேன், இங்கே திருவிருந்துக்கு முந்தின ஆயத்த ஆராதனை இருந்ததாம். தேவனுக்காக விட்டுக்கொடுக்கிறேன் என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். தேவனுக்கா. தேவன் எப்போது கடை திறக்கக் கூப்பிட்டார். ஊழியத்தை எடுத்து தேவன் இருக்கிற இடத்தில் வைத்துவிட்டு, அதற்குப் பக்தி என்று பேர் வைத்துக்கொண்டோம். சுவிசேஷத்தில் ஆண்டவர் என்ன செய்தார், அதை ஒருத்தரும் பிரசங்கம் பண்ண மாட்டார்கள். ஊரே அவரைத் தேடிக்கொண்டு வாசலில் நிற்கிறது, நோயாளிகள் நிற்கிறார்கள், நிஜமான நோயாளிகள், ரிப்பன் வெட்டுகிறவர்கள் இல்லை. அவர் விடியுமுன்னே எழுந்து தனியாக ஜெபிக்கப் போய்விட்டார். தேடிப் பிடித்து, எல்லோரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீஷர்கள் சொன்னால், சரி, நாம் அடுத்த ஊருக்குப் போவோம் என்கிறார். எத்தனை பேர் முகம் சுருங்கியிருக்கும். படகு மூழ்கப் போகிறது, தலையணையில் தலையை வைத்துத் தூங்குகிறார். ஆண்டவருக்கே தூக்கம் வேண்டியிருந்தது, பாளையங்கோட்டையில் குருப்பட்டம் வாங்கின ஞானாயுதம் ஐயருக்கு வேண்டாமா. நாலு நாள் வேலை செய்தால் ஒரு நாள் உட்காரு என்று மாட்டுக்குக் கூடச் சொல்லித்தான் இருக்கிறது, ஐயருக்குச் சொல்லவில்லை போல. கோபத்தில் கணக்கு தப்பிவிட்டது, ஆறு நாள். ஆறு நாள் என்றாலும்தான் என்ன, ஏழாம் நாள்தானே இவருக்கு வேலையே.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்றைக்கு எனக்கு ஜெபம் வரவில்லை. ஐயரம்மாவுக்கு ஜெபம் வரவில்லை, இதை எந்தச் சங்கக் கூட்டத்தில் சாட்சி சொல்வேன். உள்ளே கொண்டுபோய்க் கதவை மூடிவிட்டார்கள், சிவப்பு விளக்கு எரிகிறது, கூட வந்தவர்கள் எல்லாம் சுவரோரம் நின்று முணுமுணுக்கிறார்கள், எனக்கு ஒரு வசனமும் நினைவுக்கு வரவில்லை. வாய் காய்ந்து கிடந்தது. கடைசியில் ஒன்று சொன்னேன், ஜெபம் என்று அதைச் சொல்ல முடியாது, கடைக்காரனிடம் பேசுகிற மாதிரி சொன்னேன், இவரைத் திருப்பிக் கொடும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அவ்வளவுதான். கொடுத்துவிட்டார். தன் பங்கை அவர் சரியாகச் செய்துவிட்டார். மிச்சம் இந்த நாற்காலி. இதில் உட்கார்ந்திருப்பதுதான் இப்போதைக்கு என் ஆராதனை, என் திருவிருந்து எல்லாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரவில்லையே அம்மா என்று கேட்டார்கள். நான் கோயிலில்தான் இருந்தேன் என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் புரியுமா. வெங்காயம் உரிக்கிற வாடை இங்கே வரை வருகிறது, கண் எரிகிறது. நாளைக்கு அசனம். சேகரத்துக்கே சாப்பாடு, சோறும் ஆட்டுக்கறியும், ஏழை பணக்காரன் என்று இல்லாமல் ஒரே பந்தியில். நல்ல விஷயம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் ஐயர் அங்கி போட்டுக்கொண்டு வந்து ஜெபித்து முதல் அடுப்பைப் பற்றவைப்பார், பெண்கள் குலவை போடுவார்கள், அப்புறம்தான் மற்ற அடுப்புகள். இன்றைக்கு யார் பற்றவைக்கப் போகிறார்களோ, அது என் தலைவலி இல்லை. இல்லை என்று சொல்லிப் பழக வேண்டும். இல்லை. முடியாது. வரமாட்டார். எவ்வளவு சின்னச் சின்ன வார்த்தைகள், இத்தனை வருஷம் இந்தக் குருமனையில் ஒருத்தர் வாயிலும் வராமல் போயிற்றே.

காலிங்பெல். ஒயரைப் பிடுங்கிப் போட வேண்டும் என்று நினைத்து நினைத்து மறந்துபோகிறது. சபைச் செயலாளர் ஆசீர் அண்ணாச்சி, வெள்ளை வேட்டி, பின்னால் கமிட்டியில் நாலைந்து பேர், கேட்டுக்கு வெளியே கார் வேறு நிற்கிறது, கோயிலுக்கும் குருமனைக்கும் கூப்பிடு தூரம், அதற்குக் கார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அண்ணாச்சி, ஐயா தூங்குதாங்க. அடுப்பு பத்தவைக்க வரமாட்டாங்க. இன்னைக்கு மட்டும் இல்ல, இந்த மாசம் முழுக்க எதுக்கும் வரமாட்டாங்க. அஞ்சு நிமிசமும் கிடையாது, ரெண்டு நிமிசமும் கிடையாது." அவர் கேட்பதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் பின்னால் நிற்கிறவர்களைப் பார்த்தார். "அம்மா, நாங்க கூப்பிட வரல்லம்மா. கூப்பிடக் கூடாதுன்னு கமிட்டியில பேசியே வச்சிருந்தோம்." "பெறகு இந்தக் காரு?" "ஐயாதான் போன் பண்ணினாங்க. கார் எடுத்துட்டு வாங்க, நான் ரெடியா இருக்கேன்னாங்க." மகளோடு பேசட்டும் என்று நேற்றுதான் போனை அவர் கையில் கொடுத்தேன். இவ்வளவு நாளும் நான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், யார் வருகிறார்கள், யார் வருகிறார்கள் என்று.

திரும்பினேன். அறைக்கதவு முழுக்கத் திறந்திருக்கிறது. அங்கி போட்டு நிற்கிறார். எப்போது எழுந்தார், எப்போது எடுத்துப் போட்டார், கட்டில் முனகினது அதற்குத்தானா. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், மேலுதட்டில் வியர்வை, முகத்தில் திருட்டுத்தனமாக மிட்டாய் எடுத்துவிட்டு மாட்டிக்கொண்ட பிள்ளையுடைய முழி. "பியூலா, தீயை மட்டும் வச்சிட்டு வந்திருதேன்." ஊர்மேல் இருந்த கோபமெல்லாம் என் கையைவிட்டு நழுவி இவர்மேல் போய் நின்றது. ரூபவதி அக்காவின் முகத்தை எதற்குச் சுருங்க வைத்தேன். எத்தனை பேரை அந்த வாசலோடு திருப்பி அனுப்பினேன். சட்டையை எடு பியூலா என்று கேட்டது அவர்களா, இவர்தானே. பித்தான் போடும்போது அந்த முகம் எப்படி இருந்தது, நான் பார்க்காமல் இருந்தேனா, பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேனா. "நீங்க போகாட்டா அடுப்பு எரியாதா?" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, கத்தினேன். குருமனையில் ஐயரம்மா கத்தினாள், அதுவும் நடந்துவிட்டது. அவர் நிலையில் சாய்ந்தார். அப்புறம் ரொம்ப மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எரிஞ்சிரும் பியூலா. அதான் பயமா இருக்கு" என்றார்.

சாவுக்குப் பயப்படாத மனுஷன், கல்லறைத் தோட்டத்தில் சோடா குடித்துவிட்டு மண்ணைப் போட்ட மனுஷன், தான் இல்லாமலே சோறு வெந்துவிடும் என்று பயப்படுகிறார். இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததே என்று அதற்கு மேல் ஒரு கோபம் வந்தது. ஒருத்தர் கூப்பிட வராத சாயங்காலத்தில் தான் யார் என்று இந்த மனுஷனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானும் சொல்லவில்லை, நானும்தானே ஐயா ஐயா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அண்ணாச்சி, நீங்களே ஜெபிச்சு அடுப்பப் பத்த வைங்க" என்றேன், திரும்பாமலே. "நானாம்மா? அதுக்கு வழக்கமில்லையே." "இன்னையிலேர்ந்து வழக்கம்." ஆசீர் அண்ணாச்சி இவர் முகத்தைப் பார்த்தார், இவர் சரி என்று ஒரு தலையசைப்பு அசைப்பாரா என்று பார்த்தார். இவர் அசைக்கவில்லை, மறுக்கவும் இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். மற்றவர்கள் பின்னால் போனார்கள். நான் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன், மேல் தாழ்ப்பாளையும் போட்டேன்.

கட்டிலில் உட்கார வைத்தேன். அங்கியின் பித்தான்களைக் கழற்ற ஆரம்பித்தேன். தப்புத் தப்பாகப் போட்டிருந்தார். கழுத்துப் பட்டை நனைந்து தோலோடு ஒட்டியிருந்தது. வெளியே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் குலவை கேட்டது. நன்றாகத்தான் போட்டார்கள், குறையில்லாமல். இவர் தோள் ஒரு தடவை குலுங்கியது. நான் பார்க்காத மாதிரி அடுத்த பித்தானுக்குப் போனேன். "கோபமா?" என்றார். "ஆமா, கோபந்தான். சும்மா கோபம் இல்ல, இருபது வருசத்துக்குத் தீராத கோபம். அம்புட்டையும் உங்கள ஒக்காத்தி வச்சித் தீக்கணும் எனக்கு. அது வரைக்கும் உயிரோட இருங்க." கேட்கிறவர் யாராக இருந்தாலும் கேட்டுக்கொள்ளட்டும் என்று சத்தமாகத்தான் சொன்னேன்.